தலை மட்டும் போதும்னு சொல்ற சிலை கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

பொது இடத்துல வைக்கிறதுக்கு சிலை ஆர்டர் குடுக்குற கமிட்டி, கமிஷன், போர்டு, ட்ரஸ்ட்... எந்தப் பேர்ல இருந்தாலும் சரி, மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

நான் களிமண்ணுல மனுஷ உருவம் செய்யற ஆளு. பெரிய பேரெல்லாம் கிடையாது. உங்கள மாதிரி ஒரு கமிட்டி முன்னாடி நின்னு, "தலை பிரமாதங்க, கீழ இருக்கிறத மட்டும் கொஞ்சம் மாத்திக் குடுத்துருங்க"ங்கிற வசனத்த கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு வந்தவன். யாரு எவருன்னு சொல்லப் போறதில்ல, அந்தக் கடுப்ப தீத்துக்க இத எழுதவும் இல்ல. இதே கோரிக்கைய 1981ல சான் ஃபிரான்சிஸ்கோவுல ஒருத்தர்கிட்ட வச்சாங்க, அவரு முடியாதுன்னுட்டாரு, வாங்குன காசையும் திருப்பிக் குடுத்துட்டாரு. ராபர்ட் ஆர்னெசன்னு பேரு. உங்க அடுத்த மீட்டிங்குக்கு முன்னாடி இந்தாளப் பத்தி கொஞ்சம் தெரிஞ்சு வச்சுக்கங்க, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

1930ல கலிஃபோர்னியாவுல பெனீஷியான்னு ஒரு சின்ன ஊர்ல பொறந்தவரு. சின்ன வயசுலயே காமிக்ஸ் பைத்தியம், டீன் ஏஜ்லயே உள்ளூர் பேப்பருக்கு ஸ்போர்ட்ஸ் கார்ட்டூன் வரைஞ்சிட்டு இருந்தவரு. இந்த விஷயத்த எல்லாரும் ஒரு வரியில தாண்டிப் போயிருவாங்க, எனக்கு என்னமோ அவரோட மொத்தக் கதையும் இதுலதான் இருக்குன்னு தோணும், ஏன்னா கார்ட்டூன்ல மூஞ்சி தனி, கீழ இருக்கிற எழுத்து தனின்னு கிடையாது, எழுத்த வெட்டிட்டா மிச்சம் இருக்கிறது வெறும் கோணவாய். அந்தப் பழக்கம் கடைசி வரைக்கும் அவர விடல.

ஓக்லண்ட்ல ஆர்ட் காலேஜ் படிச்சாரு, ஹைஸ்கூல் வாத்தியாரா வேலைக்குப் போனாரு, அங்க செராமிக்ஸ் சொல்லிக்குடுக்க வேண்டி வந்ததுல தானும் சேர்ந்து கத்துக்கிட்டாரு, அப்புறம் மில்ஸ் காலேஜ்ல அந்தோனியோ பிரியேட்டோகிட்ட 1958ல மாஸ்டர்ஸ் முடிச்சாரு. அது வரைக்கும் நல்ல பிள்ளையா பானை, ஜாடி, குடுவை. அந்த நேரத்துல அதே கலிஃபோர்னியாவுல பீட்டர் வௌல்கோஸ்னு ஒருத்தரு சக்கரத்துல சுத்துன பானைய வெட்டி, கிழிச்சு, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, இதுவும் சிற்பம்தான்யான்னு காட்டிக்கிட்டு இருந்தாரு. அது ஆர்னெசன நல்லா ஆட்டிப் பாத்துருச்சு. ஆனா அவர காப்பி அடிக்கல. 1961ல கலிஃபோர்னியா ஸ்டேட் ஃபேர்ல கூட்டத்துக்கு முன்னாடி பானை செஞ்சு காட்டுற டியூட்டி, அங்க உக்காந்து ஒரு பாட்டில் செஞ்சாரு, கிரௌன் மூடி மாதிரி மண்ணாலயே வாய அடைச்சாரு, மேல 'நோ ரிட்டர்ன்'னு, அதாவது காலி பாட்டில திருப்பித் தர வேண்டாம்னு, பதிச்சுட்டாரு. தண்ணி ஊத்த முடியாத பாட்டில். பாத்திரம்னா எதுக்காவது உதவணும்ங்கிற பேச்சுக்கு அன்னைக்கே மூடி போட்டாச்சு.

அடுத்து டாய்லெட். ஆமா, நெஜமான டாய்லெட் சைஸுல செராமிக் டாய்லெட், உள்ள இருக்க வேண்டியதும் செராமிக்லயே. 1963ல ஓக்லண்ட் கைசர் சென்டர் மொட்டமாடியில நடந்த சிற்பக் கண்காட்சிக்கு அத அனுப்பினாரு, எடுத்துட்டுப் போங்கன்னுட்டாங்க. அது அவருக்கு நல்ல ட்ரெய்னிங். அதுக்கு முந்தின வருஷம் 1962ல யூசி டேவிஸ்ல, அதாவது கலிஃபோர்னியா யுனிவர்சிட்டியோட டேவிஸ் கேம்பஸ்ல, வாத்தியாரா சேர்ந்திருந்தாரு, டிபி-9ன்னு ஒரு தற்காலிகக் கொட்டகை, அதுல சூளையப் போட்டு கிட்டத்தட்ட 30 வருஷம் பசங்களுக்கு சொல்லிக்குடுத்தாரு. பக்கத்து ரூம்ல வெய்ன் தீபோ, வில்லியம் வைலி, மனுவேல் நேரி மாதிரி பேரு வாங்கின ஆர்டிஸ்டுங்க. அந்த டிபார்ட்மெண்ட் அப்ப எப்படி இருந்திருக்கும்னு நெனச்சாலே பொறாமையா இருக்கு.

இப்ப தலைக்கு வருவோம். 1965ல தன்னோட தலையையே களிமண்ணுல செஞ்சாரு, அது நடுவுல விரிசல் விட்டுருச்சு. நான் செய்யற தலையில விரிசல் வந்தா என்ன பண்ணுவேன்னா கொஞ்ச நேரம் கெட்ட வார்த்தை பேசிட்டு தூக்கிப் போட்டுருவேன். அவரு அந்த விரிசல்ல கோலிகுண்டுகள வச்சு, நெஞ்சு மேல உருண்டு விழுற மாதிரி பண்ணிட்டாரு. அவங்க ஊர்ல புத்தி கலங்கினவன கோலிய தொலைச்சவன்னு சொல்லுவாங்க, அதையே தலைப்பாவும் வச்சுட்டாரு. விபத்து நடந்த இடத்துலயே அர்த்தத்த கண்டுபிடிக்கிற இந்த புத்திதான் அவரோட சொத்து, டெக்னிக் எல்லாம் அப்புறம்.

அதுக்கப்புறம் தன் மூஞ்சிய விடவே இல்ல. 1971ல சமையல்காரத் தொப்பி போட்டுக்கிட்டு விருந்து மேசைக்குப் பின்னாடி நிக்கிறாரு, 72ல பழைய கிரேக்கச் சிலை மாதிரி தூண் மேல வாயில சுருட்டோட நிக்கிறாரு. தூணக் கவனிங்க. அந்தத் தூணும் அவரோட உருவத்துல ஒரு பகுதிதான்.

இந்த நேரத்துல 1978 நவம்பர் 27. சான் ஃபிரான்சிஸ்கோ சிட்டி ஹாலுக்குள்ள மேயர் ஜார்ஜ் மோஸ்கோனியையும் சூப்பர்வைசர், அதாவது நகர சபை உறுப்பினர், ஹார்வி மில்க்கையும் டான் வைட்டுங்கிற முன்னாள் சூப்பர்வைசர் சுட்டுக் கொன்னாரு. கோர்ட்ல மனநல டாக்டர் ஒருத்தரு, ஆளு டிப்ரெஷன்ல ஜங்க் ஃபுட்டா தின்னுக்கிட்டு இருந்தாருன்னு சாட்சி சொல்ல, பேப்பர்காரங்க அதுக்கு 'ட்விங்கி டிஃபென்ஸ்'னு பேரு வச்சுட்டாங்க, ட்விங்கிங்கிறது கிரீம் வச்ச கேக் பாக்கெட். 1979 மே மாசம் கொலைக் குற்றம் இல்லன்னு முடிவாகி, அதவிட சின்ன பிரிவுல 7 வருஷம் 8 மாசம்தான் தண்டனை. அன்னைக்கு ராத்திரி ஊரே கொந்தளிச்சுது.

மோஸ்கோனி பேர்ல கட்டின கன்வென்ஷன் சென்டர் 1981 டிசம்பர்ல திறக்கணும். அங்க வைக்க அவரோட தலை வேணும்னு சிட்டியோட ஆர்ட்ஸ் கமிஷன் ஆர்னெசன்கிட்ட குடுத்தாங்க. செஞ்சாரு. பீடத்தோட சேர்த்து கிட்டத்தட்ட 8 அடி. மேல பெருசா சிரிச்சுக்கிட்டு இருக்கிற மூஞ்சி, பல்லு தெரிய, கலர் கலரா கிலேஸ், அதாவது சூளையில சுட்டதும் கண்ணாடி மாதிரி பளபளக்கிற பூச்சு, அரசியல்வாதி ஓட்டு கேட்டு வரும்போது சிரிப்பாரே அந்த சிரிப்பு, ஆனா பாசமா செஞ்ச சிரிப்பு. கீழ பீடம். அதுல சுவத்துல கிறுக்கின மாதிரி அந்த மனுஷனோட வாழ்க்கை விவரங்கள், நடுநடுவுல குண்டு துளைச்ச ஓட்டை, ஒரு ரிவால்வர், 'பேங் பேங் பேங்'னு துப்பாக்கிச் சத்தம் எழுத்துல, ஹார்வி மில்க் பேரு, அப்புறம் ஒரு ட்விங்கி.

கொஞ்சம் இந்த அளவ மனசுல ஓட்டிப் பாருங்க. 8 அடின்னா தலை நம்ம தலைக்கு மேல இருக்கும். ஹாலுக்குள்ள நுழையறவனுக்கு தூரத்துல இருந்து தெரியறது சிரிப்பு மட்டும்தான். நல்ல மனுஷன் போலன்னு நெனச்சு கிட்ட போவான், கிட்ட போனா கண்ணு மட்டத்துலயும் நெஞ்சு மட்டத்துலயும் வர்றது பீடம், அங்கதான் ஓட்டை இருக்கு, அங்கதான் துப்பாக்கி இருக்கு. அந்த ஊரு மூணு வருஷத்துல நடந்து வந்த தூரத்த, பாக்கிறவனும் அந்த நாலு எட்டுல நடக்க வேண்டியிருக்கு. பீடத்த எடுத்துட்டா நாலு எட்டு நடந்தாலும் அதே சிரிப்புதான். அதுக்கு ஃபோட்டோ போதுமே, எதுக்குங்க சிற்பி?

கமிஷனுக்கு தலை ஓகே, பீடம் ஓகே இல்ல. திறப்பு விழாவுல துணிய போட்டு பீடத்த மூடி வச்சாங்க. பீடத்த மாத்திக் குடுங்கன்னு கேட்டாங்க, அவரு மாட்டேன்னாரு, ஓட்டுப் போட்டு வேண்டாம்னு முடிவு பண்ணாங்க. 37,000 டாலர திருப்பிக் குடுத்துட்டு சிலைய வாங்கிக்கிட்டாரு.

இங்க நான் உங்க பக்கத்துலயும் கொஞ்சம் நிக்கணும். பீடத்த எதிர்த்து கமிஷனுக்கு லெட்டர் எழுதினது அப்போதைய மேயர் டயான் ஃபைன்ஸ்டைன். சுட்ட அன்னைக்கு மில்க்க முதல்ல போய்ப் பாத்தது அவங்கதான், நாடி பாக்கப் போன விரல் குண்டு துளைச்ச இடத்துல போச்சு, வெளிய வந்து பத்திரிகைக்காரங்க முன்னாடி ரெண்டு பேரும் செத்துட்டாங்கன்னு சொன்னதும் அவங்கதான். அப்படிப்பட்ட ஒருத்தங்களுக்கு அந்த ஓட்டையும் அந்த 'பேங்'கும் கலை மாதிரி தெரியலன்னா அவங்கள ரசனை கெட்டவங்கன்னு சொல்ல எனக்கு வாய் வராது. துக்கம் விசாரிக்க வந்த வீட்டுல எப்படி செத்தாருன்னு எல்லார் முன்னாடியும் விலாவாரியா சொல்ல மாட்டோம்ல. இந்த சிலை எங்களுக்கு வேண்டாம்னு மொத்தமா சொல்லியிருந்தா அது ஒரு நேர்மையான முடிவு, நான் இந்த லெட்டரே எழுதியிருக்க மாட்டேன்.

என் சண்டை அந்த நடுவாந்திரத்தோடதான். தலை வேணும் பீடம் வேண்டாம்னா, சிற்பியோட கைவேலை வேணும், அவன் பாத்தது வேண்டாம்னு அர்த்தம். ஆர்னெசன் 17 வயசுலேர்ந்து மூஞ்சியும் எழுத்தும் சேர்ந்ததத்தான் செஞ்சிட்டு இருந்தாரு, அது அவர கூப்பிடும்போதே எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். டாய்லெட்டு செஞ்ச ஆள கூப்பிட்டுட்டு அடக்க ஒடுக்கமா செய்வாருன்னு எதிர்பாத்தா அது யாரோட தப்பு?

இன்னொண்ணு, இது மண்ணோட சம்பந்தப்பட்டது, உங்கள்ல நெறைய பேருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. வெண்கலம்னா அறுத்து வெல்ட் வைக்கலாம், கல்லுன்னா இன்னும் கொஞ்சம் செதுக்கலாம். சுட்ட மண்ணுல அது நடக்காது. காஞ்ச களிமண்ண தண்ணியில போட்டா திரும்ப சேறாகும், ஆனா சூளையில 600 டிகிரி தாண்டிருச்சுன்னா உள்ள கட்டியிருந்த தண்ணியும் போயி வேற பொருளாயிரும், அப்புறம் எத்தன வருஷம் ஊறவச்சாலும் சேறாகாது. பெரிய உருவம்னா உள்ள கூடா வச்சு, ஒரே தடிமன்ல சுவர் எழுப்பி, துண்டு துண்டா பிரிச்சு, வாரக்கணக்குல மூடி மூடி காய வைக்கணும், அவசரப்பட்டா ஈரம் ஆவியாகி வெடிச்சுரும், காயறப்பவும் சுடறப்பவும் சுருங்கும் வேற. தலையும் பீடமும் ஒண்ணுக்கொண்ணு உக்காரணும்னா ரெண்டோட சுருக்கத்தையும் முன்கூட்டியே கணக்கு போட்டிருக்கணும். இதெல்லாம் முடிஞ்சு கிலேஸும் சுட்டு கொண்டாந்து நிறுத்தினப்புறம் "கொஞ்சம் மாத்தி"ன்னா, அந்த கொஞ்சத்துக்கு சுத்தியல்னு பேரு.

அந்த 1981தான் அவருக்கு மோசமான வருஷம்னு நெனைக்கிறேன். நியூயார்க் விட்னி மியூசியத்துல ஆறு செராமிக் சிற்பிங்க ஷோ, அதுக்கு நியூயார்க் டைம்ஸ் பேப்பர்ல ஹில்டன் கிரேமர்ங்கிற விமர்சகர் எழுதின விமர்சனம் கலிஃபோர்னியாக்காரங்கள கிழிச்சு தொங்கவிட்டுருச்சு. ஆர்னெசன் பதில் கட்டுரை எழுதல. அடுத்த வருஷம் 'கலிஃபோர்னியா ஆர்டிஸ்ட்'னு தன்னையே செஞ்சாரு, ஜீன்ஸ் ஜாக்கெட், தாடி, கூலிங் கிளாஸ், ஆனா கண்ணாடி வழியா எட்டிப் பாத்தா உள்ள ஒண்ணுமே இல்ல, காலி மண்டை. பீடத்துல பீர் பாட்டிலும் கஞ்சாச் செடியும். நீ எங்கள இப்படித்தான நெனைக்கிற, இந்தா வச்சுக்கன்னு. அதுக்கப்புறம் விளையாட்டும் கொஞ்சம் கறுத்துருச்சு, அணுகுண்டு, மூக்குக்குப் பதிலா ஏவுகணை வச்ச ஜெனரல் தலைன்னு செய்ய ஆரம்பிச்சாரு. ரொம்ப வருஷமா கூடவே இருந்த கேன்சர் 1992 நவம்பர்ல, சொந்த ஊரு பெனீஷியாவுலயே, 62 வயசுல கொண்டு போயிருச்சு. அதே வருஷம் கீமோ எடுத்துக்கிட்ட தன் மூஞ்சியையும் செஞ்சு வச்சுட்டுத்தான் போனாரு.

யூசி டேவிஸ் கேம்பஸ்ல இப்பவும் அவரு செஞ்ச முட்டை மாதிரி தலைச் சிலைங்க வெள்ளையா அங்கங்க கெடக்கு, லைப்ரரி முன்னாடி ஒண்ணு புத்தகத்துல மூஞ்சி புதைச்சுக்கிட்டு இருக்கும், பரிச்சைக்கு முன்னாடி பசங்க அதத் தொட்டுட்டுப் போவாங்க. அது பொது இடம்தான், அங்கயும் ஒரு நிர்வாகம் இருந்துருக்கும்ல, அவங்க ஒத்துக்கிட்டாங்க. மோஸ்கோனி சிலை தனியார் கைக்குப் போயி, 2012ல சான் ஃபிரான்சிஸ்கோ மாடர்ன் ஆர்ட் மியூசியம் வாங்கினாங்க, பீடத்தோடதான். எந்த ஊரு வேண்டாம்னு சொல்லுச்சோ அதே ஊரு, 30 வருஷம் கழிச்சு.

அதனால நான் கேக்கிறது சின்ன விஷயம்தான். கான்ட்ராக்ட்ல 'சிற்பம்'னு எழுதற இடத்துல உச்சந்தலையிலேர்ந்து தரை வரைக்கும்னு ஒரு வரி சேருங்க. களிமண் ஈரமா இருக்கும்போதே ஸ்டுடியோவுக்கு வாங்க, வந்து தலைய மட்டும் பாத்து செல்ஃபி எடுத்துட்டுப் போகாம குனிஞ்சு கீழயும் பாருங்க, பிடிக்கலன்னா அன்னைக்கே சொல்லுங்க, அன்னைக்கு சண்ட போடலாம், மாத்தவும் முடியும், இல்ல கைகுலுக்கிட்டு பிரிஞ்சும் போகலாம். சுட்டு முடிச்சு கொண்டாந்தப்புறம் உங்களுக்கு ரெண்டே வழிதான், முழுசா எடுத்துக்கங்க, இல்லன்னா முழுசா திருப்பி அனுப்புங்க, வண்டி வாடகைய நான் குடுத்துக்கறேன்.

இப்படிக்கு,
அடுத்த டெண்டருக்கும் அப்ளிகேஷன் போடப் போற ஒரு மண்ணு வேலைக்காரன்