பதினோரு மாத அக்ரிமென்ட் போடுகிறவர்களுக்கு ஒரு மடல்

மதுரையில் வீடு பிடித்துக் கொடுக்கும் புரோக்கர் அண்ணன்மாருக்கும், வாடகை அக்ரிமென்ட் அடித்துத் தரும் டைப்பிங் கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

வில்லாபுரத்தில் எங்கள் மாடி போர்ஷன் ஆறு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. பூட்டு எங்களுடையது அல்ல. 2022-ல் உங்களில் ஒருவர் கூட்டி வந்த குடும்பம். உங்களில் இன்னொருவர் 20 ரூபாய் பத்திரத்தில் அடித்துக் கொடுத்த அக்ரிமென்ட். வாடகை 7,000, அட்வான்ஸ் 50,000. பதினோரு மாதம் முடிந்ததும் அம்மா கேட்டதற்கு, "அதெல்லாம் அப்படியே ஓடட்டும்மா" என்றீர்கள். ஓடியது. அப்புறம் வாடகை நின்றது. கேட்டால், "அட்வான்ஸ்ல கழிச்சுக்கங்க." அட்வான்ஸும் கரைந்த பிறகு, ஒரு நாள் ராத்திரி சாமான்களை உள்ளேயே விட்டுப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போன் அடித்தால் எடுப்பதில்லை.

போகும்போது குளியலறைக் குழாயை யாரோ சரியாக மூடவில்லை. தண்ணீர் சொட்டிச் சொட்டி, கீழே எங்கள் அடுப்படிக் கூரையில் ஊறி இறங்குகிறது. அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு அலுமினியக் குண்டானை வைத்திருக்கிறாள். சாயங்காலத்துக்குள் அது நிறைந்துவிடும், தூக்கிக்கொண்டு போய் முருங்கைக்கு ஊற்றுவாள். அவளுக்கு வயது 68. வால்வை அடைத்தால் தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன், அடைக்கவும் செய்தேன். வக்கீல் தலையில் கை வைத்தார். குடியிருப்பவருக்குத் தண்ணீரையும் கரண்டையும் வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறதாம். சாமான் உள்ளே இருக்கும்வரை அவர்கள் காலி செய்ததாகச் சொல்ல முடியாது, பூட்டிலும் கை வைக்காதீர்கள் என்றார். வால்வைத் திறந்துவிட்டேன். குண்டான் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

சரி, அக்ரிமென்ட் இருக்கிறதே என்று எடுத்து நீட்டினேன். "பதிவு எண் எங்கே?" என்றார்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்ற 1908-ஆம் வருஷப் பதிவுச் சட்டத்துக்குத் தப்பிக்கத்தான் இந்தப் பதினோரு மாதக் கணக்கே. ஆனால் 2017-ல் போட்ட தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 22.2.2019 முதல் நடப்பில் இருக்கிறது. மாதம் பதினொன்றோ பன்னிரண்டோ, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வீட்டுக்கு அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்பதுதான் அந்தச் சட்டம் சொல்லும் அளவு. அந்தக் கணக்குப்படி 21,000 தான் வரும், நாங்கள் வாங்கியது 50,000. அதையும் அப்படியே அழகாக டைப் அடித்து, கீழே இரண்டு சாட்சிக் கையெழுத்தும் வாங்கித் தந்தீர்கள்! கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய படிவத்தில் பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

அதனால் ஒன்றுதான் கேட்கிறேன். அக்ரிமென்ட் அடிக்கிற அன்றைக்கே, "இதை வாடகை அதிகாரியிடம் பதிந்து நம்பர் வாங்கணும்" என்று இரண்டு தரப்பிடமும் சொல்லிவிடுங்கள். முடிந்தால் நீங்களே ஏற்றிக் கொடுத்து அதற்குத் தனியாகக் காசு வாங்கிக்கொள்ளுங்கள். தருவோம்.

இது வீட்டுக்காரன் புலம்பல் மட்டும் இல்லை. நானே திருப்பூரில் வாடகைக்கு இருக்கிறவன். முந்தின வீட்டைக் காலி செய்தபோது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். அங்கேயும் நம்பர் இல்லாத அக்ரிமென்ட்தான், கேட்க வாயில்லை.

கமிஷனை மட்டும் இரண்டு பக்கமும் ஒரு மாத வாடகை என்று மறக்காமல் வாங்குகிறீர்கள். 2019 ஜனவரியில் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டியதும் தோப்பூர்ப் பக்கம் மனை பார்க்க வேன் வைத்துக் கூட்டிப் போனவர்களும் உங்கள் ஆட்கள்தானே? டீ, வடையெல்லாம் கிடைத்தது. அப்ரூவல் நம்பர் கேட்டேன், "வந்துக்கிட்டே இருக்கு சார்" என்றார் ஒருவர். இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது போல. ஒத்திக்குக் கொடுத்த பல லட்சம் ரூபாயைத் திரும்ப வாங்க முடியாமல், காலியும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களை எங்கள் தெருவிலேயே காட்டுவேன்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். நீங்கள் இல்லாமல் இந்த ஊரில் யாருக்கும் வீடு கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும். மறுபடியும் பணிவாகவே கேட்கிறேன்: பதிவு நம்பர் வாங்காமல் சாவியைக் கைமாற்றி விடாதீர்கள்.

அப்புறம், எங்கள் மாடிக்கு அந்தக் குடும்பத்தைக் கூட்டி வந்த அண்ணன் இதைப் படித்தால், அவர்களைத் தேடிப் பிடித்து அந்தச் சாவியை மட்டும் வாங்கித் தாருங்கள். அதற்கும் ஒரு மாத வாடகை கமிஷன் தருகிறேன்.

இப்படிக்கு,
வில்லாபுரத்து மாடி வீட்டுக்காரன்