டைல்ஸ், கல் தரை வேலைப் பயிற்சி தேடுவோர் கவனத்துக்கு
நண்பர்களே, வணக்கம். டைல்ஸ், கல் தரையைச் சுத்தம் செய்யவும் பழுது பார்க்கவும் நல்ல பயிற்சி வேண்டும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். பணம் கட்டும் முன் ஒன்றை மட்டும் விசாரியுங்கள்: தரை தேய்க்கும் மெஷினை நம் கையில் கொடுப்பார்களா? வேடிக்கை பார்த்து இந்த வேலை வராது.

மார்பிளில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு சிந்தினாலே, துடைத்த பிறகும் மங்கிய தடம் நிற்கும். அதை 400, 800, 1500, 3000 என்று வைர பேடு (வைரத் துகள் பதித்த தேய்ப்பு வட்டு; எண் கூடக் கூட சொரசொரப்பு குறையும்) மாற்றி, தண்ணீர் விட்டுத் தேய்த்து நீங்களே எடுத்துப் பார்க்க வேண்டும். பக்கத்து டைல் விரியாமல் உடைந்ததைப் பெயர்ப்பதும் அப்படித்தான், கைக்குத்தான் பழக வேண்டும்.

எந்தக் கல் என்று பார்க்காமல் ஆசிட் ஊற்றச் சொல்லும் இடம் வேண்டவே வேண்டாம். அப்புறம், ஏற்கெனவே பயிற்சி முடித்தவர்கள் உங்கள் அனுபவத்தை இங்கே எழுதுங்கள்.