பஸ் இலவசம்தான் ஐயா, ஒன்பது மணிக்கு மேல் பஸ் இல்லை

எய்ட்ஸ் தடுப்புத் திட்டத்துக்குப் பணம் ஒதுக்கும் இடத்தில் இருக்கும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கம்.

போன மாதம் நடந்த ஆய்வுக் கூட்டத்தில், கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. திட்டத்தை விரிவுபடுத்தப் போகிறோம் என்றீர்கள். பட்டியலில் ஆட்கள் கூடுவார்கள், குமாரபாளையமும் பள்ளிபாளையமும் புதிதாக எங்கள் பொறுப்பில் வரும், ரோட்டுக்கே வராமல் செல்போனிலேயே பாலியல் தொழில் செய்கிறவர்களையும் இனி தேடிப் பிடிக்க வேண்டும் என்றீர்கள். சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். அப்புறம் திரையில் போக்குவரத்துச் செலவு என்ற வரி வந்தது. "பொம்பளைங்களுக்கும் திருநங்கைங்களுக்கும்தான் பஸ் ஃப்ரீயாச்சே, இவங்களுக்கு எதுக்கு டி.ஏ.?" என்று ஒருவர் கேட்டார். முன்வரிசையில் சிரிப்பு. அந்த வரியில் இருந்த தொகை அங்கேயே சுருங்கிப் போனது.

அந்தச் சிரிப்புக்குப் பதிலாகத்தான் இந்த மடல். கேட்பதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். ஆட்களைக் கூட்டும் உத்தரவோடு சேர்த்து, களத்துக்குப் போகிறவர்களின் இரவு வண்டிக் காசுக்கென்று தனியாக ஒரு தலைப்பு ஒதுக்குங்கள்.

பின்னணியெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாமக்கல் ஒரு காலத்தில் 'ஏ' பிரிவு மாவட்டம். கர்ப்பிணிப் பெண்களிடம் எடுத்த கணக்கில் எச்.ஐ.வி. தொற்று நூற்றுக்கு ஒன்றைத் தாண்டிய மாவட்டங்களுக்கு அந்தப் பெயர் வைத்தார்கள். லாரிக்காரர் வீடு என்றாலே சம்பந்தம் பேச யோசித்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த நிலைமை மாறியதற்கு இலவச ஆணுறை, எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் கிடைக்கும் நம்பிக்கை மையம், தொற்று வந்தவர்களுக்கு 2004 முதல் அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய கூட்டு மருந்து என்று பல காரணம் சொல்வார்கள். எல்லாம் சரி. அதையெல்லாம் ஆள் ஆளாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

பஸ் விஷயத்துக்கு வருகிறேன். 2021 மே மாதத்திலிருந்து அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, பிறகு திருநங்கைகளுக்கும் இல்லை. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். அதில் ஏறித்தான் நானும் மகள் வீட்டுக்குப் போய் வருகிறேன். ஆனால் எங்கள் கொங்குப் பக்கத்தில் ஓடும் பஸ்களில் நிறைய தனியார் பஸ், அதில் காசு கொடுத்தால்தான் டிக்கெட். அரசு பஸ்ஸும் எங்கள் பாதையில் இரவு ஒன்பதோடு சரி. எங்கள் வேலை ஆரம்பிப்பதே அப்போதுதான்.

எங்கள் குழுவில் ஒரு சகக் கல்வியாளர், அதாவது அதே சமூகத்திலிருந்து வந்து தன் கூட்டாளிகளுக்கு எடுத்துச் சொல்கிறவள், திருச்செங்கோட்டில் குடியிருக்கிறாள். அவள் பொறுப்பில் 60 பேர். அது உங்கள் வழிகாட்டு நெறி போட்டுக் கொடுத்த கணக்கு. அவர்களில் பலர் சங்ககிரி பைபாஸில் நிற்கிறவர்கள். பகலில் தறிக்கோ கட்டட வேலைக்கோ போய்விட்டு, வீட்டில் சோறாக்கி வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் வருவார்கள். ஏழு மணிக்குப் போனால் டீக்கடைக்காரரைப் பார்த்துவிட்டு வரலாம். ஒவ்வொருத்தியையும் தனியாகக் கூப்பிட்டு, ஆணுறை கொடுத்து, போன வாரம் சொன்ன அடிவயிற்று வலி என்ன ஆயிற்று என்று கேட்டு, ஆறு மாதப் பரிசோதனைக்கு நாள் நெருங்குவதை ஞாபகப்படுத்தி முடிப்பதற்குள் பத்தரை ஆகிவிடும்.

பத்தரைக்கு மேல் எப்படித் திரும்புவது? வழியில் போகும் லாரியில் ஏறலாம். முன்பின் தெரியாத வண்டியில் தனியாக ஏறாதே என்று சற்று முன்னால்தான் பத்துப் பேருக்குச் சொல்லியிருப்போம். ஆட்டோ என்றால் 250 ரூபாய். நடுவில் ரோந்து போலீஸ் நிறுத்தினால், பைக்குள் இத்தனை ஆணுறை எதற்கு என்ற கேள்விக்கு அடையாள அட்டையை நீட்டிப் பாடம் நடத்த வேண்டும். அவள் மூன்று மாதம் கைக்காசைப் போட்டு ஆட்டோவில் போய் வந்தாள். வவுச்சர் எழுதிக் கொடுத்தாள். "பில் இணைக்கவும்" என்று சிவப்பு மையில் எழுதித் திரும்பி வந்தது. ஆட்டோக்காரர் நல்ல மனுசர். நாள்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் தொகையை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அதுவும் திரும்பி வந்தது, முத்திரை இல்லையாம். ராத்திரி பத்தரை மணிக்கு சங்ககிரி பைபாஸில் ரப்பர் ஸ்டாம்ப்போடு ஆட்டோ ஓட்டுகிறவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் நம்பர் கொடுங்கள், அவரையே கூப்பிட்டுக்கொள்கிறோம்.

நான்காவது மாதம் அவள் இரவில் போவதை நிறுத்திவிட்டாள். "ஏனுங்கக்கா, என்ற பையனுக்கு ஃபீஸ் கட்டறதுங்களா, ஆட்டோவுக்குக் கட்டறதுங்களா?" என்று கேட்டாள். நான் என்ன சொல்வது? சாயங்காலமே போய்க் கண்ணில் பட்டவர்களைப் பார்த்தாள், மற்றவர்களுக்கு போன் போட்டாள், பட்டியலில் டிக் அடித்தாள். காகிதத்தில் குறையே இல்லை. ஆய்வுக்கு வந்தவர் பாராட்டிவிட்டுப் போனார்.

அந்தப் பட்டியலில் ஒரு சின்னப் பெண், பகலில் தறி ஓட்டுகிறவள். அடுத்தடுத்து இரண்டு பரிசோதனைக்கு வரவில்லை. போனில் கேட்டால் "வர்றனுங்க" என்பாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, வீட்டுக் கதை நாலு பேசினால் மறுநாள் காலையில் கூடவே கிளம்பி வருகிறவள்தான். முன்பெல்லாம் அப்படித்தான் வந்தாள். ஒரு வருடத்துக்கும் மேலான பிறகு அவளை நம்பிக்கை மையத்து பெஞ்சில் உட்கார வைத்தோம். முடிவு என்ன வந்தது என்று நான் சொல்லக் கூடாது. 2017ஆம் வருடத்து எச்.ஐ.வி.-எய்ட்ஸ் சட்டம் அதைத் தடுக்கிறது, தடுக்க வேண்டியதும்தான். அவளுக்கு ஆகும் செலவு இப்போது உங்கள் கணக்கில் தடுப்பு என்ற தலைப்பின் கீழ் வருவதில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மருந்துதான் மலிவாகிவிட்டதே என்று அந்தக் கூட்டத்திலேயே ஒரு குரல் கேட்டது. உண்மைதான். மூன்று மருந்தும் ஒன்றாக இருக்கும் மாத்திரை, ஒருவருக்கு ஒரு வருடத்துக்கு 45 டாலருக்கும் கீழே கிடைக்கும் என்று எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கு எதிரான உலக நிதியம் (குளோபல் ஃபண்ட்) 2023இல் அறிவித்தது. ஆனால் அதை ஒரு நாள் விடாமல் ஆயுசுக்கும் விழுங்க வேண்டும். ரத்தத்தில் கிருமியின் அளவை வருடா வருடம் பார்க்க வேண்டும். மருந்து வாங்கப் போகும் நாளில் தறிக்கூலி போச்சு. சொந்தக்காரர் கண்ணில் படாமல் போய்வர வேண்டிய வெசனம் வேறு, அதற்கு எந்தத் தலைப்பில் கணக்கு எழுதுவீர்கள்? இத்தனையையும் ஒரு பக்கம் வைத்து, மறுபக்கம் அந்த 250 ரூபாயை வைத்துப் பாருங்கள்.

வருடத்துக்கு இரண்டே ஊசி போட்டால் தொற்று வராமல் தடுக்கும் மருந்தைப் பற்றியும் பெருமையாகப் பேசினீர்கள். லெனகாபவிர். அமெரிக்காவில் வருடத்துக்கு 28,000 டாலருக்கு மேல் விலை சொல்லும் அந்த மருந்தை, 2027 முதல் ஏழை நாடுகளுக்கு 40 டாலருக்குத் தருவதாக ஹைதராபாத்தில் இருக்கும் இரண்டு கம்பெனிகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. நம் பக்கம் வந்தால் முதலில் கும்பிட்டு வரவேற்பவள் நான். ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆளைத் தேடிப் பிடித்து ஊசி போடும் இடத்துக்குக் கூட்டி வர ஒருத்தி வேண்டும். அவள் எதில் வருவாள், எதில் போவாள்?

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஐந்தாம் கட்டத்துக்கு 2021 முதல் 2026 வரை 15,471 கோடி ரூபாய்க்கு மேல் என்று பத்திரிகையில் படித்தேன். அந்தக் கோடிகளுக்குள் எங்கள் சங்ககிரி ஆட்டோ எங்கே நிற்கிறது என்று தேடித்தான் பார்க்கிறேன். கூட்டத்தில் போட்ட சாப்பாடு நன்றாக இருந்தது, கேசரியில் முந்திரி தாராளம். அதற்கு முத்திரையோடு பில் இருந்திருக்கும். திருச்செங்கோட்டு மலையேறி, பாதி பெண்ணாக நிற்கும் சாமியைக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிடுகிற ஊர் எங்களுடையது. கீழே இறங்கியதும் திருநங்கைக்கு வீடு வாடகைக்கு இல்லை என்பார்கள். வீடு கிடைக்காமல் அவர்கள் ஊர் ஊராக மாறிப் போக, எங்கள் பட்டியலில் "தொடர்பு விட்டுப் போனவர்" என்று எழுதுகிறோம். எழுதினால் ஏன் விட்டுப் போனார் என்று எங்களுக்கே நோட்டீஸ் வருகிறது.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். சம்பளத்தைக் கூட்டச் சொல்லி இப்போது கேட்கவில்லை, அது வேறு மடல். தயவுசெய்து இரவு வண்டிக் காசுக்குத் தனித் தலைப்பு ஒதுக்குங்கள். பில் கிடைக்காத இடத்தில், போனவரும் களப்பணியாளரும் கையெழுத்துப் போட்ட சீட்டை ஏற்றுக்கொள்ளுங்கள். வேண்டுமானால் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வையுங்கள். குமாரபாளையத்தையும் பள்ளிபாளையத்தையும் எங்களிடம் தருவதற்கு முன்னால் இதைச் செய்துவிட்டுத் தாருங்கள். அங்கேயும் ஒன்பது மணிக்குத்தான் வேலை ஆரம்பிக்கும்.

நான் சொல்வதில் சந்தேகம் இருந்தால், அடுத்த ஆய்வை ஒரு நாள் ராத்திரி சங்ககிரி பைபாஸில் வைத்துக்கொள்ளலாம். டீ எங்கள் செலவு. ஆபீஸ் வண்டியை மட்டும் அன்றைக்கு அனுப்பிவிட்டு, எங்களோடு திரும்பி வாருங்கள்.

திரும்பி வந்த வவுச்சர்களை நாள்காட்டித் தாளோடு பத்திரமாக வைத்திருக்கிறேன். கேட்டால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த களப்பணியாளர் ஒருத்தி