வடக்குக்கு ஒரு குழு: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

போன வருடம் இதே இடத்தில் நின்றுகொண்டு, அடுத்த ஆண்டறிக்கை வாசிக்கும்போது சிங்கப்பூரின் வடக்கில் உள்ள உட்லண்ட்ஸ் விளையாட்டரங்கத்தில் நம் வட்டாரத்துக்கென ஒரு தொழில்முறைக் காற்பந்துக் குழு ஆடிக்கொண்டிருக்கும் என்று சொன்னது நான்தான், மறுக்கவில்லை. ஆடவில்லை. ஆடுவதற்கான அறிகுறிகூட இல்லை. அதனால் இந்த முறை வாக்குறுதி எதுவும் கிடையாது, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். பின்னால் மேசையில் தே தாரிக் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சிலர் "நமக்கு எப்போது அண்ணே குழு இருந்தது?" என்று கேட்கிறார்கள், அவர்களுக்காக ஒரு நிமிடம். 1996இல் சிங்கப்பூரின் தொழில்முறைக் காற்பந்து லீக்கான எஸ்-லீக் தொடங்கியபோது மொத்தம் எட்டுக் குழுக்கள். அந்த எட்டில் இரண்டு நம் பக்கம், உட்லண்ட்ஸ் வெலிங்டனும் செம்பவாங் ரேஞ்சர்ஸும். நாட்டின் தொழில்முறைக் காற்பந்தில் கால்வாசி வடக்கில் இருந்தது என்று தைரியமாகச் சொல்லலாம். ஈசூன் விளையாட்டரங்கத்தில் ஆடிக்கொண்டிருந்த செம்பவாங் 2003 பருவத்தோடு போய்விட்டது. உட்லண்ட்ஸ் 2007இல் லீக் கிண்ணத்தை வென்றது, அதை எத்தனை பேர் மறந்துவிட்டீர்கள் என்று தெரியவில்லை, 2014 முடிவில் ஹவ்காங் குழுவுடன் இணைக்கப்பட்டது. இணைப்பு என்றார்கள். பெயரில் ஹவ்காங் மட்டும் மிஞ்சியது. 2025இல் புருணையின் டிபிஎம்எம் குழு மலேசிய லீக்கிற்குப் போய்விட்டதால் இப்போதும் லீக்கில் எட்டுக் குழுதான், 1996இல் இருந்த அதே எண்ணிக்கை. ஆனால் உட்லண்ட்ஸ், செம்பவாங், ஈசூன் மூன்றிலும் சேர்த்து ஒன்றுகூட இல்லை.

சரி, இந்த ஆண்டு என்ன செய்தோம்.

பிப்ரவரியில் கையெழுத்து நோட்டு தொடங்கினோம். முதலில் பேருந்து முனையத்தில் பேனர் பிடித்து நிற்பதாகத்தான் திட்டம். "வடக்குக்கு ஒரு குழு வேண்டும்" என்று நான்கு மீட்டர் நீளத்துக்கு அச்சடித்து வாங்கியும் விட்டோம். அப்புறம்தான் நம் துணைத்தலைவர், அவர் முன்னாள் போலீஸ் என்பது உங்களுக்குத் தெரியும், செயலவைக் கூட்டத்தில் ஒரு கையைத் தூக்கினார். பொது இடத்தில் ஒரு கோரிக்கைக்காக ஒரே ஒரு ஆள் அட்டை பிடித்து நின்றாலும் உரிமம் வேண்டும், பேச்சாளர் முனை இருக்கும் ஹோங் லிம் பூங்காவுக்குப் போனால் வேறு கணக்கு. ஹோங் லிம் பூங்காவில் போய் உட்லண்ட்ஸுக்குக் குழு கேட்டால் நம்மைச் சுற்றிப் புறாக்கள்தான் நிற்கும். உண்டியல் குலுக்கவும் அப்படித்தான், உரிமம் இல்லாமல் கூடாது. ஆக பேனர் மடிக்கப்பட்டது, நோட்டு மட்டும் வெளியே வந்தது. மளிகைக் கடைக்கார அண்ணன் கல்லாப்பெட்டி பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சம்மதித்தார், காப்பிக்கடையில் ஒன்று, முடிவெட்டும் கடையில் ஒன்று.

டிசம்பர் கடைசியில் நோட்டுகளைச் சேகரித்து நானும் பொருளாளர் அக்காவும் ஒரு ஞாயிறு முழுக்க எண்ணினோம். 612 கையெழுத்து. ஒருவர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் "மான்செஸ்டர் யுனைடெட்" என்று எழுதியிருக்கிறார், முகவரியில் ஓல்ட் டிராஃபோர்ட். முடிவெட்டும் கடை நோட்டில் ஒரே கையெழுத்து பதினான்கு முறை வந்திருக்கிறது, யார் என்று எனக்குத் தெரியும், இந்த அறையில்தான் இருக்கிறார், அவர் நல்லெண்ணத்தில் செய்தார் என்பதால் விட்டுவிடுகிறேன். அதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றையும் ஓல்ட் டிராஃபோர்ட்டையும் கழித்தால் 598.

இந்த 598இல் ஒரு சண்டை வந்தது, அதைப் பற்றிப் பலரும் பலவிதமாகப் பேசிக்கொண்டிருப்பதால் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய நூற்றைம்பது கையெழுத்து மளிகைக் கடை நோட்டில் இருந்து வந்தவை, முகவரி தங்கும் விடுதி. ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க வரும் வெளிநாட்டு ஊழியர் தம்பிமார். "அவர்கள் இரண்டு வருடத்தில் ஊருக்குப் போய்விடுவார்கள், குடியிருப்பாளர்கள் இல்லை, இவர்களைச் சேர்த்தால் நோட்டுக்கே மதிப்பிருக்காது" என்று செயலவையில் மூவர் சொன்னார்கள். தலைவர் வாக்கெடுப்புக்கு விட்டார், நான்குக்கு மூன்று என்று சேர்ப்பது என முடிவானது. நான் சேர்க்க வேண்டும் என்று வாக்களித்தேன், அதற்குக் காரணம் இருக்கிறது. மார்ச் மாதம் நம் திடல் ஆட்டத்துக்கு, நம் உறுப்பினர்களே பாதிப்பேர் வராத அந்த ஆட்டத்துக்கு, வேலியைப் பிடித்துக்கொண்டு கடைசி விசில் வரை நின்றது அவர்கள்தான். அதில் ஒரு தம்பி சென்னை வியாசர்பாடி. அந்தப் பகுதிக்கும் பந்துக்கும் உள்ள உறவு தெரிந்தவர்களுக்குத் தெரியும். சென்னையின் எஃப்சி குழு 2015இலும் 2018இலும் இந்தியன் சூப்பர் லீக் கிண்ணம் வாங்கியதைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்துவது கடினம். நாம் இரண்டாவது கோல் வாங்கியதும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து "அண்ணே, உங்க சென்டர் பேக் ஷூ லேஸ் கட்டுறான், பந்து உள்ள வருது" என்று கத்தியவர் அவர்தான். சரியாகவும் சொன்னார். இருக்கையை நிரப்பப்போவது யார் என்று கேட்டால் நான் அவரைத்தான் காட்டுவேன்.

மே மாதம் நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போனோம். நான், தலைவர், இளையர் அணியிலிருந்து ஒரு தங்கை. எண் சீட்டு வாங்கி புளோக்கின் கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒன்றரை மணி நேரம். முன்னால் இருந்த பாட்டிக்கு வாடகை வீடு, பக்கத்தில் இருந்தவருக்கு வேலை அனுமதி, பின்னால் ஒருவருக்குக் கார் நிறுத்திய அபராதம். எங்கள் முறை வந்ததும் கணினி முன்னால் இருந்த தொண்டூழியர், சின்னப் பையன், பல்கலைக்கழக மாணவர் மாதிரி இருந்தார், "வீடா, வேலையா, அபராதமா?" என்று கேட்டார். தலைவர் "காற்பந்து" என்றார். அந்தப் பையன் கொஞ்ச நேரம் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அங்கிள், அதற்கு இதில் கட்டம் இல்லை" என்றார். ஆனாலும் உட்கார்ந்து கேட்டு, நாங்கள் சொன்னதைவிட நன்றாகக் கடிதம் எழுதிக் கொடுத்தார், அதைச் சொல்லியாக வேண்டும். ஜூலையில் பதில் வந்தது. விளையாட்டரங்கம் பள்ளிகளுக்கும் பொதுமக்களுக்கும் பயன்படுகிறது, குழு அமைப்பது வேறு இடத்துப் பொறுப்பு, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. எதிர்பார்த்ததுதான்.

பதிலைவிட எனக்கு மனத்தில் நின்றது வேறு ஒன்று. விளையாட்டரங்கத்தில் காலையில் நடக்க வரும் ஆன்ட்டிமாரிடமும் நோட்டைக் கொண்டுபோனேன். சீன ஆன்ட்டி ஒருவர், எழுபது தாண்டியிருக்கும், நடந்துகொண்டே பதில் சொன்னார், நானும் கூடவே இரண்டு சுற்று நடக்க வேண்டியதாயிற்று. குழு வந்தால் பயிற்சி, ஆட்டம் என்று மாலையில் ஓடுபாதையை மூடிவிடுவார்களா, மாட்டார்களா? எனக்குப் பதில் தெரியவில்லை. அப்படியென்றால் கையெழுத்து இல்லை என்றார். நாம் இதுவரை யோசிக்காத விஷயம் இது. குழு இல்லாததால் அந்த இடம் காலியாகக் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். காலியாக இல்லை.

இதே மே மாதம் 18ஆம் தேதி பீஷானில் நம் லீக்கின் லயன் சிட்டி செய்லர்ஸ், ஐக்கிய அரபு சிற்றரசுகளின் ஷார்ஜா குழுவுடன் ஆடிய ஆசிய சாம்பியன்ஸ் லீக் டூ இறுதியாட்டம். நமக்கு ஆறு டிக்கெட்டுதான் கிடைத்தது. உட்லண்ட்ஸில் ஏறினால் எட்டாவது நிலையம், அவ்வளவு பக்கம். ஷார்ஜா முன்னிலை, தொண்ணூறு நிமிடம் முடிந்து சேர்த்துக் கொடுத்த நேரத்தில் நாம் சமன், சமன் செய்த சத்தம் அடங்குவதற்குள் அவர்கள் இரண்டாவது கோல். 2-1. திரும்பி வரும் ரயிலில் ஈசூன் தாண்டும்வரை யாரும் பேசவில்லை. அதற்கப்புறம் தலைவர் 1998 ஹனோயை ஆரம்பித்தார், சசிகுமாரின் தோளில் பட்டு உள்ளே போன அந்த ஒரே கோல், வியட்நாமை அவர்கள் ஊரிலேயே வென்று தென்கிழக்காசிய நாடுகளுக்கான டைகர் கிண்ணம். அந்தக் கதையை நான் குறைந்தது நாற்பது முறை கேட்டிருக்கிறேன். அன்று கேட்டபோது சலிக்கவில்லை.

இப்போது கசப்பான பகுதி. அக்டோபரில் ஜாலான் புசார் விளையாட்டரங்கத்தில் ஒரு லீக் ஆட்டத்துக்குப் பேருந்து ஏற்பாடு செய்தோம். நோக்கம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், குழு கேட்கிறவர்கள் முதலில் இருக்கிற லீக்கைப் பார்க்கப் போகிறோமா என்று கேட்கிறார்கள், அதற்குப் பதில் சொல்லத்தான். நாற்பது இருக்கை. குறுஞ்செய்திக் குழுவில் முப்பத்தாறு பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினீர்கள். வந்தது பதினொருவர். அதிலும் இருவர் தேக்காவில் இறக்கிவிடச் சொல்லி, சாமான் வாங்கிக்கொண்டு வருகிறோம் என்று போனவர்கள் திரும்பவே இல்லை. ஆட்டத்தில் ஒன்பது பேர். அரங்கம் எவ்வளவு அமைதியாக இருந்தது என்றால் கோல்காப்பாளர் தடுப்பாட்டக்காரரைத் திட்டுவது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது, மலாயில், எழுத முடியாத வார்த்தை. அன்றிரவே ஆங்கிலப் பிரிமியர் லீக் ஆட்டத்தைப் பற்றி நம் குழுவில் இருநூறு செய்தி ஓடியது. யாரையும் குறை சொல்லவில்லை. இல்லை, சொல்கிறேன், குறை சொல்லத்தான் சொல்கிறேன்.

இன்னொரு பிரிவினர் ஜோகூர் ஆட்கள். ஞாயமான வாதம்தான் அவர்களுடையது: 950 பேருந்து பிடித்துப் பாலம் தாண்டினால் ஜோகூர் டாருல் தாசிம் குழு, 2014 முதல் ஒரு பருவம் விடாமல் மலேசிய லீக் சாம்பியன், ஆயிரக்கணக்கில் ரசிகர்கள். 2026 கடைசியில் உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து புக்கிட் சாகாருக்கு ஆர்டிஎஸ் ரயில் ஓட ஆரம்பித்தால் ஐந்து நிமிடம். அப்புறம் இங்கே எதற்குத் தனியாகக் குழு என்று கேட்கிறார்கள். 1994இல் ஷா அலாமில் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் பகாங்கை 4-0 வென்றபோது கூட்டத்தில் இருந்தவர் நம் மூத்த உறுப்பினர் ஒருவர், அவர் முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்டு ஒரு தம்பி வாங்கிக்கட்டிக்கொண்டார். நான் சொல்வது இவ்வளவுதான், ரயில் இரண்டு பக்கமும் ஓடும். அந்தப் பக்கத்திலிருந்தும் ஆள் வரலாம், வருவதற்கு இங்கே ஏதாவது இருக்க வேண்டும்.

சிங்கப்பூர் ஹாங்காங்குடன் ஆடிய நவம்பர் 18ஆம் தேதி இரவு பற்றி ஒரு பத்தியாவது எழுதவில்லை என்றால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். காப்பிக்கடைத் தொலைக்காட்சியில் ஏதோ சீன நாடகம். மாற்றச் சொன்னோம், கடைக்காரர் மாட்டேன் என்றார். முதல் பாதி எங்கள் கைப்பேசியில், சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, எட்டுத் தலை ஒரு திரை. ஹாங்காங் 1-0. இடைவேளையில் கடைக்காரர் அவராகவே வந்து ஒளிவழியை மாற்றிவிட்டுப் போனார், நாடகத்தில் விளம்பரம் போல. இரண்டாம் பாதியில் ஷவால் ஒரு கோல், அப்புறம் இல்ஹான் ஒரு கோல். 2-1. முதன்முறையாகத் தகுதிச்சுற்றில் ஆடி வென்று ஆசியக் கிண்ணத்துக்குப் போகிறோம், 1984இல் போனது நாம் ஏற்று நடத்தியதால். மீன்தலைக் கறி மேசையில் இருந்தவர்கள், யார் என்றே தெரியாது, வந்து கட்டிப்பிடித்தார்கள். அந்த ஒரு இரவில் மட்டும் காப்பிக்கடை நோட்டில் 43 கையெழுத்து. அடுத்த வாரம் முழுவதும் இரண்டு.

ஆக, செயலவையின் முடிவு. குழு வேண்டும் என்ற கோரிக்கையை விடவில்லை, ஆனால் வரும் ஆண்டு அதைக் கேட்கப்போவதில்லை. ஒரு ஆட்டம் கேட்கிறோம். இருக்கிற எட்டில் எந்தக் குழுவாவது ஒரே ஒரு ஆட்டத்தை உட்லண்ட்ஸில் ஆடுமா என்று. நோட்டுகளின் நகலோடு கடிதம் தயார், பொதுக்கூட்டம் ஒப்புக்கொண்டால் இந்த வாரமே போகும். அதற்கு முன்னால் நம் பக்கம் ஒரு வேலை: மூன்று ஆட்டங்களுக்காவது முப்பது பேர் போயிருக்க வேண்டும், படம் எடுத்து இணைக்கப்போகிறோம். நாற்பது இருக்கைப் பேருந்து இனிக் கிடையாது, பொருளாளர் அக்கா ஒப்பமாட்டார். எம்ஆர்டிதான்.

உறுப்பினர் எண்ணிக்கை 58, போன ஆண்டைவிட ஏழு கூடுதல். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பதினாறு பேர், பெயர் வாசிக்கவில்லை. வரவு செலவை அக்கா தனியாக வாசிப்பார், அதில் "பேனர்" என்று ஒரு வரி வரும், யாரும் சிரிக்க வேண்டாம். சங்கப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டிய ஆண்டுப் படிவம் இந்தக் கூட்டம் முடிந்ததும் போகும்.

அந்தப் பேனர் இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது. மடித்தாலும் கட்டிலுக்கு அடியில் நுழையவில்லை, துணி காயவைக்கும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, வீட்டில் பேச்சு வாங்கியாகிவிட்டது. ஸ்டோர் ரூமில் இடம் உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பிடியுங்கள்.

செயலாளர்