கதவைத் திறந்தேன்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போட்டுக்கொள்.

வெள்ளைச் சட்டையும் டையுமாக இரண்டு பையன்கள் வந்து மணி அடித்தார்கள், ஆள் இல்லாத மாதிரி விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இங்கேயும் அப்படி இருவர் வந்தார்கள். நான் கதவைத் திறந்தேன். நான்கு முறை வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்கள்.

தங்கள் கிறிஸ்தவ சபையைப் பற்றிச் சொல்ல வீடு வீடாக வருகிறவர்கள் இவர்கள். மார்மன் என்று நாம் சொல்கிறோம். ஆனால் 2018இல் அவர்களுடைய அப்போதைய தலைவர் ரசல் நெல்சன், முழுப்பெயரையே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டாராம். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. பெயர் நீளம்தான். இருந்தாலும் அவர்கள் முன்னால் நான் அப்படியே சொன்னேன், அது அவர்களுக்குப் பிடித்திருந்தது.

சட்டைப்பையில் குத்தியிருந்த கறுப்புப் பட்டையில் ‘எல்டர்’ என்று இருந்தது. மூத்தவர் என்று பொருள். சின்னவனுக்கு வயது பத்தொன்பதுதான். இரண்டு வருடம் வீட்டை விட்டு வந்து, தன் சேமிப்பிலும் குடும்பத்தின் பணத்திலும் இதைச் செய்கிறான். சம்பளம் கிடையாது. எங்கே போனாலும் இரண்டு பேரும் சேர்ந்தேதான் போக வேண்டும். 2019 வரைக்கும் வருடத்தில் இரண்டே நாள்தான் வீட்டுக்குப் போன் பேசலாம் என்று இருந்ததாம், இப்போது வாரம் ஒருமுறை பேசலாம். முதல் நாள் காபி கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். தண்ணீர் போதும் என்றார்கள். காபி, டீ, மது, புகையிலை எதுவும் கூடாது என்று 1833இலிருந்தே அவர்களுக்கு ஒரு போதனை இருக்கிறது.

சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித்தின் கதையைச் சின்னவன்தான் சொன்னான். அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில் பல்மைரா என்ற ஊர்ப்பக்கம். 1820இல் பதினாலு வயதுப் பையன் ஒருவன், இத்தனை சபைகளில் எது சரி என்று தெரியாமல் குழம்பி, தோப்புக்குள் போய் ஜெபம் செய்கிறான். பிதாவும் குமாரனும் தரிசனம் தந்தார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. பிறகு மரோனி என்ற தூதன் காட்டிய தங்கத் தகடுகளிலிருந்து மொழிபெயர்த்ததுதான் மார்மன் புத்தகம். அது அச்சானதும் சபை தொடங்கியதும் 1830இல். 1844இல் ஸ்மித்தைச் சிறைக்குள்ளேயே ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. அந்த இடம் வந்தபோது பையனுடைய குரல் இறங்கிவிட்டது.

அவன் கையில் இருந்த பிரதியைப் பார்த்தேன். மழையில் நனைந்து காய்ந்து ஓரமெல்லாம் உப்பியிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பென்சில் கோடு. அதன் கடைசிப் பகுதியில் ஒரு வசனத்தைக் காட்டினான். இது உண்மையா என்று கடவுளிடமே கேள், பரிசுத்த ஆவியால் தெரியவரும் என்பது அதன் சாரம். அவர்கள் பேச்சு முழுக்கக் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான்.

எனக்கு ஒத்துவராததும் இந்த இடம்தான். நான் சொன்னேன்: “தம்பி, வேறு வேறு மதத்துக்காரர்கள் இதே மாதிரி உருகி வேண்டுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு பதில் வருகிறது, ஒவ்வொருவரும் உன்னைப் போலவே உறுதியாக இருக்கிறார்கள். மனசில் வரும் நிறைவை மட்டும் வைத்து, ஒரு விஷயம் நடந்ததா இல்லையா என்று எப்படி முடிவு செய்வது?” கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “எனக்கு வந்ததை இல்லை என்று என்னால் சொல்ல முடியாதே” என்றான். அது நேர்மையான பதில். அதற்கு மேல் நானும் மடக்கவில்லை.

கறுப்பின ஆண்களுக்கு 1978 வரை குருத்துவம் மறுக்கப்பட்டிருந்ததே, கடவுளே நடத்தும் சபையில் அது எப்படி என்றும் கேட்டேன். பெரியவன் தலையைக் குனிந்துகொண்டு, “நானும் அம்மாவிடம் இதைக் கேட்டிருக்கிறேன், நல்ல பதில் என்னிடம் இல்லை” என்றான். மனப்பாடப் பதில் ஒன்றைச் சொல்லியிருந்தால் அன்றே அவர்களை அனுப்பியிருப்பேன்.

மூன்றாம் முறை வந்தபோது பேச்சு இறந்துபோன என் அம்மாவைப் பற்றித் திரும்பியது. சுவரில் இருந்த படத்தைப் பார்த்துச் சின்னவன்தான் கேட்டான். குடும்பம் சாவோடு பிரிவதில்லை, கோவிலில் செய்யும் சடங்கால் என்றென்றைக்குமாகச் சேர்ந்திருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. இறந்தவர் பெயரில் உயிரோடு இருக்கும் ஒருவர் ஞானஸ்நானம் எடுத்துக்கொள்வதும் உண்டு. எனக்குச் சுருக்கென்றது. அம்மா தன் சாமியைக் கும்பிட்டபடியே போனவள். அவளைக் கேட்காமல் அவள் பெயரில் எதையும் செய்ய யாருக்கும் உரிமை இல்லை என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவன் பதறவில்லை. அந்த ஆன்மா விரும்பினால் ஏற்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம், கட்டாயம் இல்லை என்று விளக்கினான். என் மனம் அதற்கும் சம்மதிக்கவில்லை. ஆனால் அவர்கள் போன பிறகு வெகுநேரம் அந்தப் படத்தின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். அம்மாவை மறுபடி பார்க்க ஆசையா என்று என்னிடம் நேராகக் கேட்டது இத்தனை வருடத்தில் அவன் ஒருவன்தான்.

அன்று ராத்திரி அவன் சொன்னபடி கடவுளிடம் கேட்டும் பார்த்தேன், உண்மையாகவே கேட்டேன். ஒன்றும் வரவில்லை.

நாலாம் முறை அதை அப்படியே சொன்னேன். நான் சேர மாட்டேன், உங்கள் இரண்டு வருடத்தில் இன்னும் பல மணி நேரத்தை என் மேல் செலவழிக்க வேண்டாம், சும்மா பேச வருவதென்றால் எப்போதும் வரலாம் என்றேன். சின்னவன் முகம் வாடித்தான் போனது. ஆனாலும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டு, நேராகச் சொன்னதற்கு நன்றி என்றான். பாதிப் பேர் அடுத்த வாரம் வா என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறப்பதே இல்லையாம்.

அதனால்தான் உனக்கு இவ்வளவு எழுதுகிறேன். மறுபடி மணி அடித்தால் விளக்கை அணைக்காதே. வேண்டாம் என்றால் வாசலில் நின்றே வேண்டாம் என்று சொல்லிவிடு, அது அவர்களுக்குப் பழக்கம்தான். உள்ளே கூப்பிட்டால் உன் சந்தேகத்தையெல்லாம் கேள். நம்மிருவருக்கும் இருபது வயதில் விடிய விடிய இதைத் தவிர வேறு என்ன பேச்சு இருந்தது?

உன் அப்பாவை மறுபடி பார்க்க ஆசையா என்று உன்னிடம் கேட்டால் நீ என்ன சொல்வாய்? கண் சரியானதும் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்