நிலாவின் டாக்டர் படிப்பு பற்றி மங்கைக்கு

எடிசன், நியூஜெர்சி
14 செப்டம்பர் 2025

அன்புள்ள மங்கை,

உன் வாய்ஸ் மெசேஜை மூன்று தடவை கேட்டுவிட்டேன். ஏழு நிமிஷம் பேசியிருக்கிறாய். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் குக்கர் விசில் அடிக்கும், யாராவது கூப்பிடுவார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. அம்மாவுக்கு அரவிந்தில் இரண்டாவது கண்ணுக்கும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. "எதிர்வீட்டு நம்பர் பிளேட் வரைக்கும் தெரியுதுடி" என்கிறாள். தல்லாகுளம் வீட்டு வேப்பமரத்தைத்தான் வெட்ட வேண்டியதாகிவிட்டது. வேர் காம்பவுண்டுச் சுவரைத் தள்ள ஆரம்பித்திருந்தது. நீயும் நானும் அதன் கீழே உட்கார்ந்து பாட்டனி படம் வரைந்ததை அம்மா இன்னும் சொல்கிறாள்.

சரி, உன் பெண் நிலா விஷயம். "ப்ளஸ் டூ முடிச்ச கையோட மெடிக்கல் சீட்டும் சேர்த்துக் குடுக்குற காலேஜ் இங்கயும் இருக்காமே, அதுக்குள்ள எப்படிப் போறது?" என்று கேட்டிருந்தாய். இருக்கிறது. என் பெண் யாழினி அப்படித்தான் போனாள் என்பதால் எங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்கிறேன்.

வழக்கமான பாதை உனக்கே தெரியும். நாலு வருஷம் டிகிரி, மெடிக்கல் காலேஜில் சேர எம்கேட் என்ற நுழைவுப் பரீட்சை, அப்புறம் ஊரெல்லாம் அப்ளிகேஷன், கிடைத்தால் நாலு வருஷம் எம்.டி. (இங்கே டாக்டர் பட்டமே அதுதான்), அதற்குப் பிறகு மூன்றிலிருந்து ஏழு வருஷம் வரை ரெசிடென்சி என்ற ஆஸ்பத்திரிப் பயிற்சி. இப்போதெல்லாம் விண்ணப்பிப்பவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்குத்தான் இடம். இந்தப் பயத்திலிருந்து பிள்ளையைக் காப்பாற்றத்தான் நம்மவர்கள் பி.எஸ்.-எம்.டி. என்று அலைகிறோம். பதினேழு வயதிலேயே டிகிரிக்கும் மெடிக்கல் காலேஜுக்கும் சேர்த்து இடம் கொடுத்துவிடுகிறார்கள். பிரவுன் பல்கலைக்கழகத்தில் எட்டு வருஷம், எம்கேட் கிடையாது. யாழினி சேர்ந்தது ஏழு வருஷப் படிப்பு: மூன்று வருஷம் காலேஜ் ஆஃப் நியூஜெர்சி, பிறகு நாலு வருஷம் நெவார்க்கில் ரட்கர்ஸின் நியூஜெர்சி மெடிக்கல் ஸ்கூல். கன்சாஸ் சிட்டியில் மிசௌரி பல்கலைக்கழகம் 1971-லிருந்து ஆறே வருஷத்தில் முடிக்க வைக்கிறது. நம்ம எம்.பி.பி.எஸ்.ஸுக்குக் கிட்டத்தட்ட அதுதான் ஒப்பு.

எல்லாம் ஒரே மாதிரி என்று நினைத்துவிடாதே. நாங்கள் செய்த முதல் தப்பு அதுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு நோக்கம் இருக்கிறது. நியூயார்க் சிட்டி காலேஜில் 1973-ல் தொடங்கியது, டாக்டர் இல்லாத பேட்டைகளுக்குக் குடும்ப டாக்டர்களை உருவாக்குவதற்காக வந்தது. சியனா பல்கலைக்கழகம் ஆல்பனி மெடிக்கல் காலேஜோடு சேர்ந்து நடத்துவது சேவையை முன்னே வைக்கும். அதே ஆல்பனியோடு ரென்சிலர் தொழில்நுட்பக் கல்லூரி நடத்துவது ஆராய்ச்சிக்காரர்களுக்கு. ஒரே கட்டுரையைப் பெயர் மாற்றி எல்லோருக்கும் அனுப்பினால் படிக்கிறவருக்கு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். இன்னொன்று, இவை திறப்பதும் மூடுவதுமாக இருக்கின்றன. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 1961-லிருந்து நடத்தியதையே நிறுத்திவிட்டது. யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பும் பட்டியலை நம்பாமல், ஒவ்வொரு காலேஜின் பக்கத்தையும் நிலாவே திறந்து பார்க்கட்டும்.

இப்போது உன் மெசேஜில் என்னை உறுத்திய ஒரு விஷயம். நமக்குள் ஒளிவுமறைவு கிடையாது, அதனால் சொல்கிறேன். "நாம அப்ளை பண்றோம்", "நாம டாக்டர் கூடவே நின்னு ஷேடோயிங் பண்ணணும்", "நமக்கு எஸ்.ஏ.டி. போதுமா" என்று ஏழு நிமிஷமும் 'நாம'தான். நிலா என்ன சொன்னாள் என்பது ஒரு இடத்தில்கூட இல்லை.

மங்கை, 1996 ஜூனில் உங்க அப்பா உன் மார்க் ஷீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்ததை நான் மறக்கவில்லை. முக்கால் மார்க்கில் மெடிக்கல் சீட் போனது. என்ட்ரன்ஸில் ஒரு கேள்வி சரியாகியிருந்தால் நீ இன்றைக்கு டாக்டர். அந்த வருஷம் நீ அழவே இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. ஆனால் அந்தச் சீட் உன்னுடையது. அதை நிலாவுக்காகத் தேடாதே. இதை நான் உபதேசமாகச் சொல்லவில்லை. யாழினி விஷயத்தில் நான் இதே இடத்தில் நின்றுதான் கற்றுக்கொண்டேன்.

அவள் பத்தாவது படிக்கும்போது ஒரு ஆலோசகரிடம் 3,500 டாலர் கட்டினோம். பெயர் வேண்டாம். அவர் யாழினியைத் தொண்டு அமைப்பு தொடங்கச் சொன்னார், வெப்சைட் போடச் சொன்னார், காசு கட்டிக் கட்டுரை போடும் பத்திரிகை ஒன்றைக் காட்டினார். ஒரு கோடை விடுமுறை முழுக்க அதில் போனது. பிள்ளையின் முகம் வாடிப்போனதைப் பார்த்து என் வீட்டுக்காரர்தான் நிறுத்தச் சொன்னார். ஆகஸ்டில் அவளாகவே பக்கத்து நர்சிங் ஹோமுக்குச் சனிக்கிழமை காலையில் போக ஆரம்பித்தாள். வீல்சேர் தள்ளுவது, பால் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுப்பது, பேப்பர் படித்துக் காட்டுவது, அவ்வளவுதான் வேலை.

அங்கே ஸ்ட்ரோக் வந்த ஒரு பாட்டி. தட்டில் பாதிச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிடுவார். பசியில்லை என்றுதான் யாழினி நினைத்திருக்கிறாள். மூன்றாவது சனிக்கிழமை கவனித்தால், மிச்சம் இருப்பது எப்போதும் இடது பக்கம். கத்தியால் கோடு போட்ட மாதிரி வலது பாதி காலி, இடது பாதியில் உருளைக்கிழங்கும் பட்டாணியும் தொடாமல் இருக்கிறது. தட்டை மெதுவாகத் திருப்பி வைத்தாள். பாட்டி, புதிதாக யாரோ பரிமாறியது போல மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தார். அங்கிருந்த நர்ஸ் சொல்லியிருக்கிறார்: மூளையின் வலது பக்கம் அடிபட்டால் சிலருக்கு இடது பக்க உலகமே கவனத்தில் வராது, கண் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் பக்கம் ஒன்று இருப்பதே மனதில் படாது. அன்று ராத்திரி ஒரு மணி வரை அதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்க எழுந்த என்னைப் பிடித்து உட்காரவைத்து, சாப்பாட்டு மேஜையில் தட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். இவள் டாக்டராகத்தான் போகிறாள் என்று எனக்கு அந்த ராத்திரிதான் தெரிந்தது. அதற்கு முன்னால் எனக்கு இருந்ததெல்லாம் என் ஆசை.

கட்டுரையும் அப்படியே. முதலில் எங்க மாமனார் மாரடைப்பில் போனதை எழுதினாள். அவர் போனபோது அவளுக்கு ஆறு வயது. ஸ்கூலில் இங்கிலீஷ் டீச்சர் படித்துவிட்டு, "இதில் உங்கள் வீட்டுத் துக்கம் இருக்கிறது, நீ எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டாராம். அதைக் கிழித்துவிட்டுத் தட்டைப் பற்றி எழுதினாள். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்ட மூன்று இடத்திலும் அதைத்தான் கேட்டார்கள். ஒரு இடத்தில், "டாக்டராக முடியாமல் போனால் என்ன செய்வாய்?" என்றார்களாம். "ஸ்பீச் தெரபிஸ்ட் ஆவேன், ஸ்ட்ரோக் வந்தவர்களோடுதான் இருப்பேன்" என்று சொல்லியிருக்கிறாள். நாங்கள் சொல்லிக்கொடுத்த பதில் இல்லை அது.

ஒன்பது இடத்துக்குப் போட்டு ஒன்றில் கிடைத்தது. மார்க்கெல்லாம் எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கிறது, மங்கை. எஸ்.ஏ.டி. என்ற காலேஜ் நுழைவுப் பரீட்சையும், ஸ்கூலிலேயே படிக்கும் காலேஜ் தர ஏ.பி. பாடங்களும் கதவருகே கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். உள்ளே விடுவதற்கு, இந்தப் பிள்ளை நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பதினேழு வயதில் வாக்குக் கொடுக்கச் சொல்கிறார்களே, அதனால்.

காலக்கெடுவை மட்டும் குறித்துக்கொள். பல இடங்களில் நவம்பர் 1-ஓடு முடிந்துவிடும், எனவே கட்டுரைகளை அடுத்த கோடையிலேயே எழுதிவிட வேண்டும். இன்டர்வியூ பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. கிடைத்த பிறகும் நிம்மதி என்று இல்லை. ஜி.பி.ஏ., அதாவது காலேஜ் மார்க் சராசரி, இவ்வளவுக்குக் கீழே போகக்கூடாது என்பார்கள், நாலுக்கு 3.5 என்பது சாதாரணம். சில இடங்களில் எம்கேட்டும் எழுத வேண்டும். வேறு மெடிக்கல் காலேஜுக்கு விண்ணப்பித்தால் காத்து வைத்த இடம் போய்விடும் என்ற நிபந்தனையும் பலவற்றில் உண்டு.

அந்தக் கடைசி நிபந்தனையைப் பணத்தோடு சேர்த்து யோசி. நியூயார்க் பல்கலைக்கழகம் 2018-லும், பிராங்க்ஸில் ஐன்ஸ்டைன் மெடிக்கல் காலேஜ் 2024-லும் டியூஷனையே எடுத்துவிட்டன. முன்னாலேயே கட்டுப்பட்டுவிட்ட பிள்ளைக்கு அந்தப் பக்கம் போக வழியில்லை. இன்னொரு பக்கம் தனியார் மெடிக்கல் காலேஜ்கள் பலவற்றில் டியூஷன் மட்டுமே வருஷத்துக்கு 60,000 டாலரைத் தாண்டுகிறது. மத்திய அரசின் கிராட் பிளஸ் என்ற மேல்படிப்புக் கடனோ 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குகிறவர்களுக்குக் கிடையாது. மருத்துவம் படிக்கிறவர்களுக்கு வருஷத்துக்கு 50,000, மொத்தம் 2 லட்சம் டாலர் என்று உச்சவரம்பு வந்துவிட்டது. யாழினி சரியாக அடுத்த வருஷம்தான் நெவார்க் போகிறாள். நாங்கள் இப்போது ராத்திரி உட்கார்ந்து போடும் கணக்கு இதுதான்.

ஆனால் நீ டெக்ஸாஸில் இருக்கிறாய்! எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உங்கள் அரசு மெடிக்கல் காலேஜ்களில் நூற்றுக்குத் தொண்ணூறு இடத்துக்குக் குறையாமல் அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கே தரவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. டியூஷனும் 20,000 டாலரை ஒட்டித்தான். நிலா உள்ளூரில் நல்ல காலேஜில் டிகிரி படித்து, எம்கேட் எழுதி, அந்த வழியில் போனாலும் அது தோல்வியே இல்லை. இருபத்திரண்டு வயதில் முடிவெடுக்க அவளுக்கு அவகாசமும் கிடைக்கும். நிலா என் பெண்ணாக இருந்து, நாங்கள் உங்கள் ஊர் ஃபிரிஸ்கோவில் இருந்தால், நாலைந்து பி.எஸ்.-எம்.டி.க்கு மட்டும் மனதுக்குப் பிடித்ததாகப் பார்த்துப் போடச் சொல்லிவிட்டு, இதையே முதல் திட்டமாக வைத்திருப்பேன். வேக்கோவில் இருக்கும் பெய்லர் பல்கலைக்கழகத்துக்கும் ஹூஸ்டன் பெய்லர் மெடிக்கல் காலேஜுக்கும் இடையே உள்ள திட்டத்தையும் பார்த்து வை, உனக்குக் கிட்டத்தில்.

நிலாவை அடுத்த ஞாயிறு சாயங்காலம் யாழினியோடு பேசச் சொல். உங்கள் நேரம் ஐந்து மணி. அவர்கள் இரண்டு பேர் மட்டும், நடுவில் அம்மாக்கள் வேண்டாம். நெவார்க்கில் எமர்ஜென்சி வார்டைப் போய்ப் பார்த்தது, ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் முதல் டெஸ்டில் அடி வாங்கியது எல்லாம் சொல்வதாக இருக்கிறாள். நிலா அவளிடம் என்ன கேட்டாள் என்று நானும் கேட்கமாட்டேன், நீயும் கேட்காதே.

அந்த நேரத்தில் நீ எனக்குக் கூப்பிடு. மரம் போனபிறகு திண்ணையில் வெயில் விழுவதை அம்மா போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாள், உனக்குக் காட்டுகிறேன்.

அன்புடன்,
கலா