பாப்பாவுக்கு, மாட்டுக் கணக்கு பத்தி

பாப்பா,

நேத்து போன்ல சரியா பேச முடியல, பக்கத்து மண்டபத்துல ஸ்பீக்கர் வேற, அதான் டைப் பண்றேன். "போர் வரலாறெல்லாம் ரிட்டயர்டு ஆபீசருங்க எழுதறதுப்பா, எங்க ஹிஸ்டரி டிபார்ட்மென்ட்ல யாரும் தொடமாட்டாங்க"ன்னு சொன்னியே, ராத்திரி தூங்கற வரைக்கும் அதேதான் ஓடுச்சு. பாதி சரிதான் கண்ணு. எங்க யூனிட் புக்க நீயே பாத்திருக்க, எந்த மேட்ட யாரு புடிச்சா, யாருக்கு என்ன மெடல், முடிஞ்சுது. 22 வருஷம் ஏஎஸ்சில, அதான் பட்டாளத்துக்கு சப்ளை பாக்கற பிரிவுல, நான் கோவேறு கழுதைய வச்சு அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய்னு மேல ஏத்துனது அதுல ஒரு வரி கூட இல்ல.

ஆனா உங்காளுங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. நம்ம சேலத்தையே எடுத்துக்கோ. 1792ல திப்பு கிட்டருந்து பாராமகாலும் (கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம்) சேலமும் கம்பெனிக்குப் போச்சு, இங்க வரி போட வந்தது கேப்டன் ரீட், கூட மன்றோ, ரெண்டு பேரும் பட்டாளத்துக்காரங்க. ரயத்துவாரி, அதான் விவசாயி கிட்டயே நேரா வரி வாங்கற முறை, அத பத்தி உங்காளுங்க பக்கம் பக்கமா எழுதறாங்க, அதே ரீட் திப்புவோட சண்டை நடக்கும்போது கம்பெனி கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் படைக்கு உளவும் பாத்து, பிரிஞ்சாரிங்க (ஊர் ஊரா தானியம் கொண்டு போய் விக்கற நாடோடி வியாபாரிங்க) பொதிமாட்ட வச்சு தானியமும் வரவச்சாரு, அந்த சேதி வேற அலமாரில கெடக்குது. எந்தப் பக்கம் எவ்ளோ நெல்லு, ராகி கெடைக்கும்னு தேடி அலைஞ்ச ஆளுதானே அப்புறம் வரிக்கு உக்காந்தாரு? (இது என் யோசனை, உன் கைடு கிட்ட சொல்லி மாட்டிக்காத.)

அதுக்கு முந்தின வருஷம், 1791 மே, காரன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணம் கிட்ட வரைக்கும் போயிட்டாரு, சண்டைலயும் ஜெயிச்சாச்சு, ஆனா தீவனமில்லாம மாடெல்லாம் செத்து, இழுக்க ஆளில்லாம பெரிய பீரங்கிய அங்கயே ஒடச்சுப் போட்டுட்டு திரும்பிட்டாரு. சண்டை புக்குல இது ரெண்டு வரி. எனக்கு இதுதான் கதையே.

ஜெர்மனில டெல்ப்ரூக்னு போர் வரலாறு எழுதுன ஒரு புரொபசர் இருந்தாரு, உனக்குத் தெரிஞ்சிருக்கும். கிரீஸ் மேல பாரசீகப் படை லட்சக்கணக்குல வந்துச்சுன்னு பழைய கிரேக்க வரலாற்றுக்காரர் ஹெரோடோடஸ் எழுதுனத ரோட்டு மேல கணக்குப் போட்டுப் பாத்தாரு, அத்தன பேர் நடந்தா முன்னாடி ஆளு கிரீஸ் போய் சேரும்போது கடைசி ஆளு இன்னும் ஆசியாவுலயே நிக்கணும்னு. சப்ளை ஹவில்தாரு எவனா இருந்தாலும் இத கேட்டு சிரிச்சிருப்பான். ஆனா பட்டாளத்துக்காரங்க வாத்தியாருக்கு சண்டைய பத்தி என்ன தெரியும்னாங்க, வாத்தியாருங்க இதெல்லாம் ஒரு சப்ஜெக்டான்னாங்க. மனுசன் ரெண்டு பக்கமும் இடி வாங்குனாரு பாவம்.

உன் டாபிக்க மாத்த சொல்லல. ஆர்க்கைவ்ஸ் போறப்ப பாராமகால் ரெக்கார்ட்ஸ்ல ஒன்னு மட்டும் பாரு, 1791ல சேலம் பக்கம் கிராமத்துல மாடு எப்படி எடுத்தாங்க, காசு குடுத்தாங்களா புடுங்குனாங்களா, மாடு போன வீட்ல அந்த வருஷம் ஏர் எப்படி ஓட்டுனாங்கன்னு. கெடச்சா போட்டோ எடுத்து அனுப்பு, ஒடனே.

அம்மா தட்டுவடை கட்டிருக்கா, திங்கக்கிழம கொரியர்.

அப்பா